ஆறு மீட்டரில் தெரிவது: டெக்னிக்கல் டைவிங் பயிற்சிக்கு ஒருவர் ஆயத்தமா?

மட்டக்களப்புக் கரைக்கு அப்பால், சுமார் 53 மீட்டர் ஆழத்தில், எச்.எம்.எஸ். ஹெர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்களின் குண்டுவீச்சில் மூழ்கிய அந்தக் கப்பலோடு 300-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஸ்கூபா பயின்று, பவளப்பாறைகளைச் சுற்றிப் பார்த்துப் பழகிய ஒருவருக்கு அந்தக் கப்பலை ஒருமுறையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை எழுவது இயல்பே. ஆனால் பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லை 40 மீட்டர். ஹெர்மிஸ் கிடப்பது அதற்கும் கீழே. அங்கே முறையாகப் போய்வர விரும்புபவர் டெக்னிக்கல் டைவிங் என்ற தனிப் பயிற்சியைப் பெற வேண்டும். அந்தப் பயிற்சியில் சேரும் நிலையை ஒருவர் எட்டிவிட்டாரா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பொழுதுபோக்கு டைவிங்கில் எந்த நொடியிலும் நேரே மேலே வந்துவிடலாம். காற்று தீர்ந்தாலும், முகமூடி கழன்றாலும், பயம் பிடித்துக்கொண்டாலும், கடைசி வழியாக நீர்மட்டம் இருக்கிறது. பயிற்சியின் போது நாம் கற்ற ஒவ்வொன்றுக்கும் பின்னால் இந்த வழி திறந்தே இருந்தது. டெக்னிக்கல் டைவிங்கில் அந்த வழி அடைபடுகிறது. ஆழத்தில் அழுத்தம் மிகுந்திருக்கும்போது உடலின் திசுக்களில் நைட்ரஜனும், கலவையில் ஹீலியம் இருந்தால் ஹீலியமும் கரைந்து சேர்கின்றன. குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் தங்கிவிட்டால், மேலே வரும் வழியில் பல ஆழங்களில் நின்று நின்று, அந்த வாயுக்கள் மூச்சின் வழியே வெளியேறக் காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்பையே டிகம்பிரஷன் என்கிறோம். காத்திராமல் மேலே வந்தால் வாயு குமிழிகளாகி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கும். பக்கவாதமும் மரணமும் கூட நேரலாம். ஆகவே 53 மீட்டரில் 20 நிமிடம் இருந்தவரின் தலைக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூரை இருக்கிறது. எந்தக் கோளாறு வந்தாலும் அந்தக் கூரைக்குக் கீழே, நீருக்குள்ளேயே அதைத் தீர்த்தாக வேண்டும். நீருக்கடிக் குகையிலும் கப்பலின் உட்புறத்திலும் அந்தக் கூரை பாறையாகவும் இரும்பாகவும் இருக்கிறது.

ஆயத்த நிலை குறித்த கேள்வி முழுவதும் இதிலிருந்துதான் பிறக்கிறது. மேலே ஓடிவர முடியாத இடத்தில், ஒன்றன்மேல் ஒன்றாகத் தொல்லைகள் வரும்போதும், இவருடைய கைகளும் அறிவும் வழக்கம்போல் வேலை செய்யுமா?

பலரும் முதலில் கேட்பது, எத்தனை டைவ் முடித்திருக்க வேண்டும் என்பதைத்தான். பயிற்சி அமைப்புகள் அதற்கு எண்களை வகுத்து வைத்திருக்கின்றன. பாடி (PADI) அமைப்பின் டெக் 40 பயிற்சிக்கு 30 டைவ்கள் வேண்டும். அவற்றுள் 10, ஆக்சிஜன் செறிவூட்டிய காற்றுடன் 18 மீட்டருக்கும் கீழே செய்தவையாக இருக்க வேண்டும். அதே அமைப்பின் டெக் 50-க்கு 100 வேண்டும். டி.டி.ஐ. அமைப்பின் டிகம்பிரஷன் பயிற்சி 25 டைவ்களைக் கேட்கிறது. இந்த எண்கள் கதவைத் தட்டுவதற்கான தகுதியைக் குறிக்கின்றன. கதவு திறக்க வேண்டுமா என்பதைக் குறிப்பதில்லை. ஒரே பவளப்பாறையில், ஒரே வழிகாட்டியின் பின்னால், அவர் திரும்பும்போது திரும்பி 200 முறை நீந்தியவர், 200 டைவ் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளலாம். ஆனால் அவர் தாமே எடுத்த முடிவுகள் மிகச் சில. குளிர்ந்த நீரிலும் கலங்கிய நீரிலும் நீரோட்டத்திலும் தாமே திட்டமிட்டு 60 முறை இறங்கியவருக்கு அவரைவிடப் பக்குவம் கூடியிருக்க வாய்ப்பு அதிகம். பதவியும் இதற்கு அளவுகோலாகாது. அமெரிக்காவின் புளோரிடாவில் நீருக்கடிக் குகைகளின் வாயிலில் எச்சரிக்கைப் பலகைகள் வைத்திருக்கிறார்கள். இத்தகைய குகைகளில் 300-க்கும் மேற்பட்ட டைவர்கள் இறந்திருக்கிறார்கள் என்றும், திறந்த நீரில் பிறருக்குப் பயிற்சி அளிக்கும் ஆசிரியர்களும் அவர்களுள் அடக்கம் என்றும் அந்தப் பலகை சொல்கிறது. அவர்கள் கற்றுத் தேர்ந்தது வேறொரு சூழலுக்கான திறமை.

எண்ணிக்கை போதாது என்றால் எதைப் பார்ப்பது? 50 மீட்டருக்கு ஒருவர் ஆயத்தமா என்பதை 6 மீட்டரில் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம் என்பது என் உறுதியான கருத்து. இதற்குக் காரணம் எளிய கணக்கு. அழுத்தத்தை பார் என்ற அலகால் அளக்கிறோம்; நீர்மட்டத்தில் அது 1 பார். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் 1 பார் கூடுகிறது. 53 மீட்டரில் அது 6.3 பார். அங்கிருந்து 3 மீட்டர் மேலே வந்தால் 6.0 பார் ஆகிறது. மிதப்புச் சட்டையிலுள்ள காற்று சுமார் 5 விழுக்காடு மட்டுமே விரிகிறது. ஆனால் 6 மீட்டரிலிருந்து அதே 3 மீட்டர் மேலே வந்தால் அழுத்தம் 1.6-லிருந்து 1.3 ஆகக் குறைகிறது. காற்று சுமார் 23 விழுக்காடு விரிகிறது. விரிந்த காற்று மேலும் தூக்குகிறது; தூக்கத் தூக்க அது இன்னும் விரிகிறது. ஆக, ஆழம் குறையக் குறைய ஓரிடத்தில் நிற்பது கடினமாகிறது. டிகம்பிரஷனின் நீண்ட நிறுத்தங்கள் அமைவதோ அந்தக் கடினமான ஆழத்தில்தான்.

அங்கே நழுவினால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். கடைசி நிறுத்தத்தில் பலர் தூய ஆக்சிஜனைச் சுவாசிப்பார்கள், ஏனெனில் அது நைட்ரஜனை விரைவாக வெளியேற்ற உதவுகிறது. ஆக்சிஜனின் பகுதி அழுத்தம், அதாவது மொத்த அழுத்தத்தில் ஆக்சிஜனுக்குரிய பங்கு, 1.6 பாரைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான வரம்பு; தூய ஆக்சிஜன் 6 மீட்டரிலேயே அந்த வரம்பைத் தொட்டுவிடுகிறது. கவனம் சிதறி 9 மீட்டருக்கு இறங்கிவிட்டால் அது 1.9 ஆகிவிடும், வலிப்பு வரக்கூடும், நீருக்குள் வலிப்பு வந்தால் வாயிலிருந்து ரெகுலேட்டர் என்னும் சுவாசக் கருவி நழுவி மூழ்கிப்போக நேரும். மேலே நழுவினால் கூரையை உடைத்தவராகிறார். மேலேயும் போகக்கூடாது, கீழேயும் போகக்கூடாது. இந்த இடைவெளியில், பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல், அரை மணி நேரம் அசையாமல் நிற்பவரே அடுத்த பாடத்துக்குத் தகுதியானவர்.

ஆகவே பயிற்சியாளர் ஒருவர் புதிதாக வருபவரை முதலில் ஆழமற்ற நீரில் நிறுத்திப் பார்ப்பார். உடல் கிடையாக இருக்கிறதா, தலை நிமிர்ந்திருக்கிறதா, முழங்கால் மடங்கி, காலில் அணியும் துடுப்புகளான ஃபின்கள் மேல்நோக்கி இருக்கின்றனவா என்று கவனிப்பார். டைவர்கள் இதை ட்ரிம் என்பார்கள். 1998-இல் ஜரட் ஜப்லான்ஸ்கி தொடங்கிய ஜி.யு.இ. என்ற அமைப்பு, டெக்னிக்கல் பயிற்சிக்கு முன்னோடியாகவே ஓர் அடிப்படைப் பயிற்சியை நடத்துகிறது. அதில் டெக்னிக்கல் நிலைத் தேர்ச்சி பெற விரும்புபவர், உடல் கிடைநிலையிலிருந்து 20 பாகைக்கு மேல் சாயாமலும், குறித்த ஆழத்திலிருந்து 1 மீட்டருக்கு மேல் விலகாமலும் இருக்க வேண்டும். சும்மா நிற்கும்போது மட்டுமின்றி, வேலைகளைச் செய்துகொண்டிருக்கும்போதும் இது பொருந்தும் என்பதே அதன் உயிர்நாடி.

சும்மா நிற்பவரிடம் எதுவும் தெரியாது. ஒரு வேலையைக் கொடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும். முகமூடியைக் கழற்றி மீண்டும் அணியச் சொல்லலாம். நீர்மட்டத்துக்கு அடையாள மிதவையை ஏற்றச் சொல்லலாம். நூற்சுருளையும் மிதவையையும் கையாளும் அந்த இரண்டு நிமிடத்தில் பலர் தம்மை அறியாமலேயே 2, 3 மீட்டர் மேலே வந்துவிடுகிறார்கள். மூச்சைப் பிடித்துக்கொள்வதும், உதைத்துக்கொண்டே இருப்பதும், கண்கள் கையிலுள்ள பொருளிலேயே ஒட்டிக்கொள்வதும் அப்போது வெளிப்படும். உதைப்பதை நிறுத்தினால் கீழே போய்விடுகிறார் என்றால், அவர் இதுவரை மிதப்பைக் காலால் சமாளித்து வந்திருக்கிறார் என்று பொருள். இரண்டு கைகளும் இரண்டு கால்களும் வேலைக்குத் தேவைப்படும் நாளில் அந்தச் சமாளிப்பு கைகொடுக்காது.

இதற்கு அடியில் இருக்கும் உண்மை மனித மூளையைப் பற்றியது. ஒரே நேரத்தில் கவனிக்கக்கூடியவை மிகச் சில. மிதப்பு, உடல்நிலை, ஆழம், நேரம், கூட்டாளி இருக்கும் இடம் ஆகியவை நினைக்காமலே நடக்கும் பழக்கமாகியிருந்தால், மிச்சக் கவனம் புதிய சிக்கலுக்குக் கிடைக்கும். அவை இன்னும் முயற்சியாகவே இருந்தால், சிக்கல் வந்த கணமே அவற்றுள் ஒன்று கைநழுவும். ஆழத்தில் இன்னொரு சுமையும் உண்டு. 30 மீட்டர் அளவிலிருந்தே நைட்ரஜன் மயக்கம் சிந்தனையை மந்தமாக்கத் தொடங்குகிறது. 53 மீட்டரில் சாதாரணக் காற்று, அடர்த்தி மிகுந்து, சுவாசிக்கவே கனமாகிவிடுகிறது. கரியமிலவாயு சரிவர வெளியேறாமல் பதற்றத்தைக் கூட்டுகிறது. ஹீலியம் கலந்த வாயுவைப் பயன்படுத்துவதற்கு இவ்விரண்டும் காரணம். ஆயினும் ஹீலியம் மயக்கத்தையும் அடர்த்தியையும் மட்டுமே குறைக்கும். பழகாத கைகளைப் பழக்கித் தராது.

கைப்பழக்கத்தில் குறிப்பாகப் பார்க்கப்படுவது வால்வுப் பயிற்சி. டெக்னிக்கல் டைவர்கள் முதுகில் இரட்டைச் சிலிண்டரை, தனித்தனி ரெகுலேட்டர்களுடன் சுமப்பார்கள். ஒரு பக்கம் காற்று பீறிட்டு வெளியேறினால், தலைக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய், கண்ணால் பார்க்காமல், எந்த வால்வை எந்தப் பக்கம் திருப்புவது என்பதை அறிந்து மூட வேண்டும். இதைக் கற்றுத்தருவது பயிற்சியின் வேலை. முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் கை அங்கே எட்டுகிறதா, எட்டும்போது உடல் நிமிர்ந்துவிடுகிறதா என்பதை முதல் நாளே பார்த்துவிடலாம். தோளில் பழைய காயம் உள்ளவர்களுக்கு இது உண்மையான தடை. அப்படிப்பட்டவர்கள் சிலிண்டர்களைப் பக்கவாட்டில் சுமக்கும் முறையைப் பற்றிப் பயிற்சியாளரிடம் பேசுவது நல்லது.

இனிக் கணக்குக்கு வருவோம். இதைச் சோர்வூட்டும் பாடமாக எண்ணிக் கடந்துபோகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கும், ஏனென்றால் ஆயத்த நிலையின் பாதி இதிலேயே வெளிப்பட்டுவிடுகிறது. நிமிடத்துக்கு நீர்மட்டத்தில் 20 லிட்டர் சுவாசிப்பவரை எடுத்துக்கொள்வோம். 53 மீட்டரில் 6.3 மடங்கு, ஆகவே நிமிடத்துக்கு 126 லிட்டர். அங்கே கூட்டாளியின் காற்று முழுவதும் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். இருவரும் ஒரே சிலிண்டர்த் தொகுதியிலிருந்து, பதற்றத்தில் ஆளுக்கு 30 லிட்டர் வீதம் சுவாசிக்கிறார்கள். நிலைமையைச் சீராக்க 2 நிமிடம் ஆனால் சுமார் 750 லிட்டர். 50 விழுக்காடு ஆக்சிஜன் உள்ள அடுத்த சிலிண்டரைப் பயன்படுத்தத் தகுந்த 21 மீட்டர் ஆழம் வரை ஏற ஏறத்தாழ 4 நிமிடம். சராசரி ஆழம் 37 மீட்டர். அதற்குச் சுமார் 1,130 லிட்டர். இரண்டும் சேர்ந்து 1,900 லிட்டரை நெருங்கும். 12 லிட்டர் சிலிண்டர் இரண்டைச் சுமப்பவருக்கு இது சிலிண்டர் அழுத்தத்தில் சுமார் 80 பார். 200 பாரில் இறங்கினால் 120 பாரை மட்டுமே தம்முடையதாகக் கருதலாம். அதே ஆழத்துக்கு ஒற்றைச் சிலிண்டருடன் போனவருக்கோ இது 158 பார். அவர் அடித்தளத்தைத் தொட்ட சில நிமிடங்களிலேயே திரும்ப வேண்டிய அளவை எட்டிவிடுவார். இருந்தும் ஒற்றைச் சிலிண்டருடன் இப்படிப்பட்ட ஆழங்களுக்கு இறங்குபவர்கள் இருக்கிறார்கள். ஒன்றும் ஆகாமல் திரும்பியும் வருகிறார்கள். திரும்பி வந்ததைத் தங்கள் திறமைக்குச் சான்றாக அவர்கள் எடுத்துக்கொள்வதுதான் ஆபத்து.

1986-இல் சேலஞ்சர் விண்ணோடம் வெடித்ததை ஆராய்ந்த சமூகவியலாளர் டயன் வான், விதியை மீறியும் தீங்கு நேராதபோது அந்த மீறலே மெல்ல மெல்ல வழக்கமாகிவிடுவதை எடுத்துக்காட்டினார். டைவிங்கில் இதைக் கண்டுகொள்ள ஒருவரின் குறிப்பேடே போதும். மேலே வரும் வழியில் 5 மீட்டரில் சிறிது நேரம் நிற்கும் பாதுகாப்பு நிறுத்தத்தைத் தவறவிட்டது, சிலிண்டரில் 50 பாருக்கும் குறைவான காற்றோடு மேலே வந்தது, கூட்டாளியைப் பிரிந்தது ஆகியவற்றை ஒருவர் எழுதி வைத்திருக்கிறாரா? எழுதியிருந்தால், ஏன் அப்படி ஆயிற்று என்று சொல்லத் தெரிகிறதா? தம் பிழையை நேர்மையாகச் சொல்லக்கூடியவரைப் பயிற்றுவிக்கலாம். 150 டைவில் ஒரு குறையும் நேர்ந்ததில்லை என்பவரிடம் இன்னும் சில கேள்விகள் கேட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்தது, திரும்பிவிடும் மனம். எந்த டைவையும், யாரும், எப்போதும், காரணம் சொல்லாமலே நிறுத்தலாம் என்பது குகை டைவர்களிடமிருந்து பரவிய விதி. ஏட்டில் எல்லோரும் இதை ஏற்கிறார்கள். ஆனால் விடுப்பு எடுத்து, பணம் செலவழித்து, அதிகாலையில் படகேறி, ஹெர்மிஸின் மேல் நங்கூரம் விழுந்த பிறகு, காதில் அழுத்தம் சரியாகவில்லை என்று கையைக் காட்டித் திரும்புவது வேறு. அதைச் செய்தவரா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். ஒருமுறையும் டைவை நிறுத்தாதவர் அதற்கான தேவையே நேராத அளவுக்குக் கவனமாக இருந்தவராகவும் இருக்கலாம். அதனால் இந்தக் கேள்விக்கு விடை ஆம், இல்லை என்பதில் இல்லை. அவர் விவரிக்கும் விதத்தில் இருக்கிறது. கூட்டாளி நிறுத்தியபோது இவர் எப்படி நடந்துகொண்டார் என்பது அதைவிட நன்றாகக் காட்டிக்கொடுக்கும். முகம் சுளித்திருந்தால், அடுத்த முறை அந்தக் கூட்டாளி கையைக் காட்டத் தயங்குவார்.

ஏன் இந்தப் பயிற்சி என்ற கேள்விக்கும் இடம் உண்டு. ஒரு கப்பலைப் பார்க்க வேண்டும், ஒரு குகையின் வரைபடத்தை முடிக்க வேண்டும், ஆழத்திலுள்ள பவளத்தை ஆராய வேண்டும் என்பவருக்கு ஆழம் ஒரு வழி. ஆழத்தின் எண்ணே நோக்கமாக இருப்பவருக்கு எங்கே நிற்பது என்பதற்கு அளவே இராது. நண்பர்கள் சேர்ந்துவிட்டார்கள் என்பதற்காக வருபவரும், கணவனுக்கோ மனைவிக்கோ துணையாக வருபவரும் ஒன்றைத் தம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்: அவர் இல்லாவிட்டாலும் நான் இதைக் கற்பேனா?

உடல்நலத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டைவிங் மருத்துவம் அறிந்த மருத்துவரிடம் பரிசோதனை செய்துகொள்வது கட்டாயம் என்றே கருத வேண்டும். கேள்வித்தாளில் எல்லாவற்றுக்கும் இல்லை என்று குறியிட்டுவிட்டுப் போவது தம்மையும் கூட்டாளியையும் ஏமாற்றுவது. நான்கு பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு இதயத்தின் மேலறைகளுக்கு இடையே, கருவிலிருந்த சிறு துளை மூடாமல் இருக்கிறது. பெரும்பாலோருக்கு அதனால் தொல்லை இல்லை. ஆனால் டிகம்பிரஷனின் போது சிரை இரத்தத்தில் உருவாகும் குமிழிகள், நுரையீரலில் வடிகட்டப்படாமல் அந்தத் துளை வழியே தமனிக்குச் சென்றுவிடக்கூடும். முன்பு காரணம் தெரியாமல் டிகம்பிரஷன் நோய் வந்தவர்களும், கண்ணில் ஒளி தெரியும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களும் இதைப் பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும். இரட்டைச் சிலிண்டரைச் சுமந்து படகின் ஏணியில் ஏறவும், நீரோட்டத்தில் கூட்டாளியை இழுத்து வரவும் உடலில் வலு வேண்டும் என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் மதிப்பிடுபவர் யார்? தம்மைத் தாமே அளப்பது எளிதன்று. நீருக்குள் தாம் கிடையாக இருப்பதாகவே எல்லோருக்கும் தோன்றும்; காணொளியில் பார்த்தால் 45 பாகை சாய்ந்திருப்பார்கள். ஆகவே கூட்டாளியிடம் கேமராவைக் கொடுத்து, அடையாள மிதவையை ஏற்றும்போது பக்கவாட்டிலிருந்து படம்பிடிக்கச் சொல்வது மலிவான, நேர்மையான சோதனை. அதோடு டைவ் கம்ப்யூட்டரின் ஆழ வரைபடத்தைப் பார்த்தால், 5 மீட்டர் நிறுத்தம் நேர்கோடாக இருக்கிறதா, ரம்பப் பல்லாக இருக்கிறதா என்பது மறைக்க முடியாமல் தெரியும். அதன் பிறகு பயிற்சியாளரிடம் போகலாம். கட்டணம் வாங்கும் முன் ஒரு நாள் நீரில் இறங்கிப் பார்ப்பவரையும், தாம் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார் என்று கேட்டால் தயங்காமல் விடை சொல்பவரையும் தேர்ந்தெடுங்கள். பணம் கட்டினால் சான்றிதழ் உறுதி என்று சொல்பவரிடமிருந்து விலகிவிடுங்கள்.

இன்னும் ஆயத்தமாகவில்லை என்ற விடை கிடைத்தால், அதோடு திட்டமும் கிடைக்க வேண்டும். பெரும்பாலோருக்குத் தேவைப்படுவது, எடையைச் சரியாகக் கணக்கிட்டுக் குறைப்பது, தவளை உதையையும் பின்னோக்கி நீந்துவதையும் பழகுவது, பின்பு ஒவ்வொரு சாதாரண டைவின் கடைசி 10 நிமிடத்தை 6 மீட்டரில் பயிற்சிக்கென ஒதுக்குவது. முதல் வாரம் வெறுமனே நிற்கலாம். அடுத்து முகமூடியைக் கழற்றலாம். அடுத்து மிதவையை ஏற்றலாம். பிறகு இவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டாளியோடு காற்றைப் பகிர்ந்துகொண்டே செய்யலாம். ஒவ்வொரு முறையும் தாம் சுவாசித்த அளவைக் கணக்கிட்டு எழுதி வைக்க வேண்டும், ஏனென்றால் பின்னாளில் வாயுத் திட்டம் முழுவதும் அந்த எண்ணின் மீதே எழுப்பப்படும். இருபது முப்பது டைவ்களில் வரைபடத்தின் ரம்பப் பற்கள் மழுங்கி, கோடு படிந்து வருவதை நீங்களே பார்ப்பீர்கள். அந்த வரைபடங்களையும் குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டு அதே பயிற்சியாளரிடம் மறுபடியும் போய், 6 மீட்டரில் நின்று காட்டுங்கள்.